உலக சமாதானத்துக்காக ஜெபித்த வீடு

மக்கா,

ஷைனி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவளைத் திட்டாதே. அவளாக வந்து சொல்லவில்லை, நான்தான் கிண்டிக் கிளறிக் கேட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வழக்கம்போல போனில் நாம் எல்லோரும் சேர்ந்து ஜெபம் பண்ண உட்கார்ந்தோமே, அப்போது உன்னிடம், "ஜெபக் குறிப்பு வல்லதும் உண்டா மக்கா?" என்று கேட்டேன். நீ தொண்டையைச் செருமிக்கொண்டு, "பெங்களூர்ல தண்ணிக்கு ரெம்பக் கஷ்டம் அம்மா. அதுக்கு வேண்டி ஜெபியுங்கோ" என்றாய். கேட்டதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சொந்த வீட்டுக்கு எதையும் கேட்காமல் ஊருக்குத் தண்ணீர் கேட்கிற ஆளை எனக்கு நன்றாகத் தெரியும். அந்த ஆளோடு எத்தனையோ வருஷமாகக் குடித்தனம் பண்ணிக்கொண்டிருக்கிறேன். மறுநாளே ஷைனியைக் கூப்பிட்டேன். முதலில் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றாள். பிறகு அழுதாள். உன் கம்பெனியில் ஆட்களைக் குறைத்ததில் நீயும் வெளியே வந்துவிட்டாய், மாதங்கள் ஓடிவிட்டன, கையில் இருந்ததும் கரைந்துகொண்டு வருகிறது என்று சொன்னாள்.

அதைக் கேட்டு எனக்கு வருத்தம் வந்தது. ஆனால் அதற்கு அடுத்து அவள் சொன்னதைக் கேட்டுத்தான் பயம் வந்தது. "கர்த்தர் பாத்துக்குவாரு, யாருகிட்டயும் சொல்லாண்டாம்" என்று கட்டின பெண்டாட்டியிடமே சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லி வைத்திருக்கிறாயாம். சபையில் உனக்குக் கூட்டுக்காரனாக இருக்கிற அந்தப் பையன் வீடு தேடி வந்து, "என்னடா, ஆளையே காணோமே" என்று கேட்டதற்கு, வேலை அதிகம் என்று சொல்லி அனுப்பிவிட்டாயாம். அதற்குப் பிறகு, யாரும் எதையும் கேட்டுவிடக் கூடாதென்று ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்கே போவதில்லையாம். மக்கா, கடவுள் பார்த்துக்கொள்வார் என்று நீ நம்புகிறாயே, அதற்காக எனக்குச் சந்தோஷம். இந்த வயதில் பிள்ளைகள் அதைக்கூட விட்டுவிடுகிறார்கள். ஆனால் நீ பிடித்துக்கொண்டிருப்பது முழுக்க நம்பிக்கை இல்லை. அதில் பாதி நம்முடைய குடும்பத்து வீம்பு. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நிற்பதால் அது பக்தி மாதிரி தெரிகிறது, அவ்வளவுதான். இதை நான் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. அந்த வீம்போடு ஒரே கூரையின் கீழ் இருந்து பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்.

பாறசாலையில் அப்பா நடத்திய டியூட்டோரியல் உனக்கு ஞாபகம் இருக்கும். கல்லூரியில் இடம் கிடைக்காத பிள்ளைகளும் பத்தாம் வகுப்பில் தோற்ற பிள்ளைகளும் வந்து படிக்கிற இடம். ஓலை மேய்ந்த நீளமான கொட்டகை, ஆடுகிற பெஞ்சுகள், ஒரு வகுப்பில் நடத்துகிற பாடம் மூன்று வகுப்புக்கும் கேட்கும். நீ அந்தப் பெஞ்சுகளின் மேல் ஓடி விளையாடி, முட்டியில் அடிபட்டு அழுதுகொண்டு வருவாய். அப்பா காலையில் கஞ்சி போட்டுத் தேய்த்த வேட்டியோடு இறங்கினால், வழியில் இருக்கிற கடைக்காரர்கள் எல்லாம் "சாறே, சாறே" என்று எழுந்து நிற்பார்கள். வாத்தியாருக்குக் கிடைக்கிற அந்தச் "சாறே" அப்பாவுக்குச் சோறு மாதிரி. பிறகு சுற்றுவட்டாரத்தில் பள்ளிக்கூடங்களில் மேல்வகுப்புகள் வந்தன, கல்லூரிகளில் இடம் கூடியது, தோற்கிற பிள்ளைகளே குறைந்துபோனார்கள். நாட்டுக்கு நல்லது, நமக்குக் கெட்டது. ஒரு வருஷம் பிள்ளைகள் பாதியானார்கள், அடுத்த வருஷம் கொட்டகையைக் காலி பண்ணச் சொன்னார்கள். நீ அப்போது சின்னப் பையன். லீவு விட்டிருக்கிறார்கள் என்று உன்னிடம் சொன்னோம். அந்த லீவு முடியவே இல்லை என்பதை நீ எப்போது கண்டுபிடித்தாய் என்று எனக்குத் தெரியாது. நீயும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது உனக்கு அப்போதே வந்துவிட்டது போலிருக்கிறது.

அந்த வருஷம் வீட்டைச் சுற்றின நம் பறம்பில் பலாமரத்தில் சக்கை அப்படிக் காய்த்தது. மரத்தடியில் கைக்கெட்டுகிற உயரத்திலேயே தொங்கும். காலையில் சக்கைப் புழுக்கு, மத்தியானம் சக்கைக்கொட்டைக் கறி, சாயங்காலம் பழுத்த சக்கை. நீ ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டு, "அம்மா, நம்ம வீட்டுல சோறுண்ணு ஒண்ணு இனி வராதா?" என்று கேட்டாய். நான் அடுக்களையில் காலியான அரிசிப் பானைக்கு முன்னால் போய் நின்று கடவுளோடு சண்டை போட்டேன். "அரி கேட்டா சக்கையாக்கும் தருதீரு. எனக்க பாஷை உமக்குப் புரியல்லியா?" என்று வாய்விட்டே கேட்டேன். அது அவமரியாதை என்று சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இல்லாத ஆளோடு யாராவது சண்டைக்குப் போவார்களா? என்னைக் கேட்டால் அந்த வருஷம் நான் உருப்படியாக ஜெபித்த ஜெபம் அதுதான். சுற்றியிருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியக் கூடாது என்பதில் நானும் குறைந்தவள் இல்லை. அடுத்த வீட்டுக்காரி கிணற்றடிக்கு வருகிற நேரம் பார்த்து, சட்டியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் கடுகும் கறிவேப்பிலையும் போட்டுப் பொரிய விடுவேன். அவளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "என்ன கறி அக்கா, மணம் தூக்குது" என்பாள். தாளித்துக் கொட்டக் கறி ஒன்றும் கிடையாது. மணம் மட்டும்தான் சமைத்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நம் சபையில் வீட்டு ஜெபக்கூட்டம் உண்டே, முறை வைத்து ஒவ்வொரு வாரமும் ஒரு வீட்டில். பாய் விரித்து உட்கார்ந்து, பாட்டுப் பாடி, முடிவில் உபதேசியார் ஒவ்வொருவரிடமும் ஜெபக் குறிப்பு கேட்பார். ஒருத்திக்கு மகள் பிரசவம், ஒருத்தருக்கு முழங்கால் வலி, ஒருவருக்குப் பசு சினை நிற்கவில்லை. எல்லோரும் கூச்சமில்லாமல் சொல்வார்கள். அப்பாவின் முறை வரும்போது உபதேசியார் கொஞ்சம் மரியாதையாகக் குரலைத் தாழ்த்தி, "சாறுக்கு?" என்பார். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, "உலக சமாதானத்துக்கு வேண்டி ஜெபியுங்கோ" என்பார். எங்கேயாவது பூகம்பம் வந்திருந்தால் அதையும் சேர்த்துக்கொள்வார். ஒரு வாரம் தப்பாது. நம் வீட்டு அரிசிப் பானையில் கைவிட்டால் அடிமண் தட்டுப்படும், இவர் உலகத்தின் மறுகோடியில் சண்டை நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருப்பார். உபதேசியாரும் அந்த நாடுகளின் பெயரைச் சொல்லத் திணறிக்கொண்டே ஜெபிப்பார். பக்கத்தில் இருந்து நானும் ஆமென் சொல்வேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று முந்தானையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு நம் வீட்டு முறை வந்தது. வந்தவர்களுக்குக் பால் விடாத கட்டன் சாயாவாவது கொடுக்க வேண்டும். சர்க்கரை இல்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு காஞ்சிரங்குளத்தில் இருக்கிற என் தங்கை வீட்டுக்குப் போய்விடலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். "சே, ஜெபத்துக்கு வாறவங்களைக் கதவடைச்சு அனுப்புவியா?" என்றார். கடைசியில் பழுத்த சக்கையைச் சுளை எடுத்துத் தட்டில் அடுக்கி வைத்தேன். எல்லோரும் வந்தார்கள். வாழைக்காய் மொத்த வியாபாரம் பண்ணுகிற தாசையனும் வந்தார். பாட்டு முடிந்ததும் சுவரில் சாய்ந்து உறங்கிவிடுவார், ஆமென் சொல்லும்போது மட்டும் எல்லோருக்கும் முந்திக்கொண்டு சொல்வார். அந்த மனுஷனைப் பார்த்தாலே அப்பாவுக்கு முகம் சுளிக்கும். அன்றும் தாசையனுக்குக் கண் சொருகிக்கொண்டு வந்தது. உபதேசியார், "சாறுக்கு?" என்றார். அப்பா, "உலக சமாதானத்துக்கு வேண்டி" என்று ஆரம்பித்தார். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, குறுக்கே பேசிவிட்டேன். "உபதேசியாரே, உலகம் கொஞ்சம் பொறுக்கட்டும். எங்க வீட்டுல அரி இல்ல. இவியளுக்கு வேலை இல்ல. பிள்ளை சோறு கேக்குது. அதுக்கு வேண்டி ஜெபியுங்கோ" என்றேன்.

உபதேசியார் கண்ணை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். அவர் அவ்வளவு சுருக்கமாக ஜெபித்து நான் கேட்டதில்லை. "ஆண்டவரே, இந்த வீட்டுக்குச் சோறு தாரும், சாறுக்கு வேலை தாரும்" என்றார், முடித்துவிட்டார். தாசையன் ஆமென் சொல்லவில்லை. கண்ணை அகலத் திறந்து அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் போன பிறகு அப்பா என் பக்கம் திரும்பினார். "எனக்க மானத்தை வாங்கிட்டியே ஏட்டி. தெய்வத்துகிட்ட சொன்னா போராதா? நாட்டுக்காரங்ககிட்ட எல்லாம் சொல்லணுமா?" என்றார். "தெய்வத்துகிட்ட நான் சொல்லாத நாளு இல்ல. நிங்கதான் அவருகிட்டயும் இன்னும் ஒரு வார்த்தை சொல்லல்ல" என்றேன். அப்பா சாப்பாடு வேண்டாமென்று படுத்துவிட்டார். நான் செய்தது சரியா தப்பா என்று எனக்கே தெரியவில்லை. பயமாக இருந்தது.

விடிந்ததும் தாசையன் வந்தார். கையில் ஒரு ஏத்தன் வாழைக்குலை. வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வரச் சொன்னாலும் வராமல், தலையைச் சொறிந்தார். "சாறே, ஒரு காரியம் கேக்கணும், கோவப்படாண்டாம். எல்லையில உள்ள பனச்சமூட்டு மண்டியில எனக்கு ஒரு ஆளு வேணும். அங்கோட்டு தமிழ்நாட்டுக்காரன், இங்கோட்டு மலையாளி, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல விலை பேசுதான். அவன் சொல்லது இவனுக்குப் புரியல்ல, இவன் சொல்லது அவனுக்குப் புரிஞ்சாலும் புரியாத மாதிரி நிக்குதான். தெனமும் அடிதடியாக்கும். ரெண்டு பாஷையும் நல்லா தெரிஞ்ச, எல்லாரும் மதிக்குத ஒரு ஆளு இருந்தா சண்டை நிக்கும். நான் இதுக்கு ஆளு கேட்டு ரெம்ப நாளா ஜெபிக்குதேன். சாறை நினைப்பேன். ஆனா சாறுகிட்ட போய் மண்டிக்கு வாங்கோண்ணு எப்பிடிக் கேக்கது? எனக்குப் பேடியாக்கும். டியூட்டோரியல் பூட்டினாலும் சாறு வேற எங்கயோ படிப்பிக்குதாருண்ணு நினைச்சேன். வேலை இல்லாத இருக்குதாருண்ணு நேத்துதானே தெரிஞ்சு."

நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அவரும் ஆள் கேட்டு ஜெபித்திருக்கிறார், நானும் வேலை கேட்டு ஜெபித்திருக்கிறேன், ஒரே பாயில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து. கடவுள் இரண்டு பேருக்கும் பதிலை எப்போதோ கொடுத்துவிட்டார். நடுவில் உலக சமாதானம் உட்கார்ந்துகொண்டு இரண்டையும் சேரவிடாமல் மறித்திருக்கிறது. அப்பா, "ஆலோசிச்சு சொல்லுதேன் தாசையா" என்றார். நான் உள்ளே இருந்து ஒரு பாத்திரத்தைக் கீழே போட்டேன். கை தவறி விழவில்லை. அப்பாவுக்கு அது புரிந்தது. "செரி, திங்கக்கிழமை வாறேன்" என்றார்.

திங்கட்கிழமை, கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டுதான் போனார். மண்டிக்கு அதைக் கட்டிக்கொண்டு போகாதீர்கள் என்று சொன்னால் கேட்கிற ஆளா? சாயங்காலம் திரும்பி வந்தபோது வேட்டி முழுவதும் வாழைக்கறை. நான் சோப்பும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. அப்பா கிணற்றடியில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. "விடு, வாழைக்கறையாக்கும். போவாது" என்றார். பிறகு இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே நான் அழுதேன், அவரும் அழுதார். உனக்கு அன்று சோறும் மீன்கறியும் வைத்தேன். நீ சாப்பிட்ட வேகத்தைப் பார்த்து அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். மண்டியில் அவருக்கு "வாழைக்குலைச் சாறு" என்று பெயர் வந்தது உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேலி செய்தவனை நீ அடித்ததும் எனக்குத் தெரியும். உன் படிப்பு, இந்த வீட்டுக்கு ஓடு போட்டது, உன் கல்யாணம் எல்லாம் அந்தக் கறையில் வந்தது. இரண்டு ஊர்க்காரர்களும் அடித்துக்கொள்ளாமல் விலை பேசிப் போனார்கள். உலக சமாதானத்தைக் கேட்டுக் கேட்டு, கடவுள் அதைப் பனச்சமூடு அளவுக்கு அவர் கையிலேயே கொடுத்துவிட்டார் என்று நான் இன்றைக்கும் சொல்லிக் கேலி செய்வேன்.

இதைப் படித்துவிட்டு, வாய் திறந்தால் மறுநாள் வேலை வந்துவிடும் என்று அம்மா சொல்கிறாள் என நினைத்துவிடாதே. அப்படி நான் சொல்லமாட்டேன். நான் தினமும் கேட்டது டியூட்டோரியல் மறுபடி நடக்க வேண்டும் என்பது. அது நடக்கவே இல்லை. அந்தக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது மொபைல் கடை இருக்கிறது. கேட்டதைக் கொடுக்காமல் வேறு ஒன்றைக் கொடுப்பது கடவுளுக்கு வழக்கம். அதில் எனக்கு இன்னும் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு, மறைக்கமாட்டேன். உனக்கு அவர் எதைக் கொடுப்பார், எப்போது கொடுப்பார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் வானத்திலிருந்து கயிறு கட்டி இறக்கி அவர் எதையும் நம் வீட்டுக்குக் கொடுத்ததில்லை. யாரோ ஒருத்தர் கையில்தான் கொடுத்து அனுப்பினார். அந்த ஆள் உறங்குமூஞ்சியாக இருந்தார், நமக்குப் பிடிக்காதவராக இருந்தார், அவருக்கும் நம்மிடம் ஒரு தேவை இருந்தது. உன்னைத் தேடி வீட்டுக்கு வந்தானே அந்தப் பையன், அவன் எதைக் கேட்க வந்தான் என்று உனக்குத் தெரியுமா? வாசலிலேயே அனுப்பிவிட்டாயே மக்கா. அவனைக் கூப்பிட்டுப் பேசு. சமையலறையில் நிற்கிற ஷைனியையும் தனியாக நிற்க விடாதே. உனக்காக அவள் வெளியே சிரித்துக்கொண்டு நடக்கிறாள். மணம் மட்டும் சமைக்கிற வேலை எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். கோபம் வந்தால் கடவுளிடம் கோபப்படு, அவர் தாங்குவார். அவள் தாங்கமாட்டாள். முடியவில்லை என்றால் ஷைனியையும் உன் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிடுங்கள். தோற்றுப்போய் வந்தாய் என்று இந்த வீட்டில் யாரும் நினைக்கமாட்டார்கள். ஊர் இரண்டு நாள் பேசும், மூன்றாம் நாள் வேறு ஆள் கிடைப்பான்.

அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். மண்டியை விட்டு நின்றபிறகு இப்போதெல்லாம் அதிகம் வெளியே போவதில்லை அல்லவா, பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளிக்கிழமை கூட்டத்துக்குக் கிளம்பும்போது மட்டும், "நீ ஒண்ணும் சொல்லாண்டாம், கேட்டியா" என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது. இத்தனை வருஷம் கழித்தும் இந்த மனுஷன் திருந்தவில்லையே என்று நினைத்தேன். நீ நம்ப மாட்டாய், அந்த வாழைக்குலைக்குப் பிறகும் அவர் ஜெபக் குறிப்பு மாறவே இல்லை. இன்றுவரை உலக சமாதானம்தான். சபையில் சின்னப் பிள்ளைகள்கூட அவருக்கு முந்திச் சொல்லிவிடும், எல்லோரும் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். நேற்று முன்தினம் கூட்டத்தில் அவர் முறை வந்ததும் ஒரு பொடிப்பெண் வழக்கம்போலச் சொல்ல வாயெடுத்தாள். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். எழுந்து நின்றார். சுவரைப் பிடித்துக்கொண்டார். "எனக்க மகனுக்கு வேலை போச்சு. அவன் எங்ககிட்ட சொல்லல்ல. எனக்கு உறக்கம் இல்ல. எல்லாரும் அவனுக்கு வேண்டி ஜெபியுங்கோ" என்றார். அவர் தனக்கென்று வாய் திறந்து கேட்டு நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. நான் சொல்லி அவர் மானம் போயிற்று என்று படுத்தாரே, அதே மனுஷன், எல்லோருக்கும் முன்னால் நின்று அழுதார்.

ஆகையால் மக்கா, இனி நீ மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. ஊருக்கே தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை, உன் அப்பா சொன்னார். அன்றிலிருந்து அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நடக்கிறார். உன் பெயரை எடுப்பார், பார்ப்பார், வைத்துவிடுவார். அத்தனை பேர் முன்னால் கேட்ட ஆளுக்கு உன்னைக் கூப்பிட வாய் வரவில்லை. இதைப் படித்து முடித்ததும் நீ கூப்பிடு. என்ன பேசுவதென்று யோசிக்காதே. "அப்பா" என்று சொன்னால் போதும்.

உன் அம்மா